போர்டு இல்லாத பலகாரப்புரை

சிதறால் மலைக்குப் போகிற ரோட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு செம்மண் இறக்கம் பிரியும். அந்த இறக்கத்தில் நின்றால் வறுத்த சிறுபயறும் வெல்லப்பாகும் ஏலக்காயும் கலந்த மணம் மூக்கைப் பிடித்து இழுக்கும். மணம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்டால் மட்டும் 2013 வரைக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். தெரியாமல் இல்லை. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் வாங்கியவர்கள் வாயைத் திறந்தால் மானம் போகும்; விற்பவள் வாயைத் திறந்தால் வியாபாரம் போகும்.

விற்றவள் பெயர் ரெஜிஷா. ரப்பர் பால் வெட்டுகிற சிலுவைதாசனின் மூத்த மகள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். மார்த்தாண்டத்தில் பி.காம். கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு எடுத்த போட்டோவைச் சிலுவைதாசன் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். மெழுகுதிரி ஏற்றாததுதான் பாக்கி. வீட்டுக்கு யார் வந்தாலும், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் உட்பட, அதைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் தலைமுறையாகப் படிப்பு ஏறிய வீடுகளில் இதை யாரும் தற்பெருமை என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் போட்டோவுக்குப் பின்னால் எத்தனை மரத்தின் பால் வழிந்திருக்கிறது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

பட்டம் வாங்கிய பிறகு அவள் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போனாள். காலையில் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். உட்கார ஸ்டூல் கிடையாது. கால் வீங்கி வீடு திரும்பும் மகளைப் பார்த்து அம்மா வெந்நீர் வைப்பாள். அப்பா மட்டும், "கம்பூட்டர்ல தானே பில்லு போடுதா? அது ஆபீசு வேலதான்" என்று போட்டோவைப் பார்த்துச் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

முந்திரிக்கொத்து அவள் வாழ்க்கைக்குள் வந்தது அந்தக் காலத்தில்தான். பெயரில் இருக்கிற முந்திரி அதற்குள் கிடையாது. சிறுபயறை வறுத்து உடைத்துத் தொலி நீக்கி, ரவைப் பதத்துக்குப் பொடித்து, வறுத்த தேங்காயும் எள்ளும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்து, கொதிக்கிற வெல்லப்பாகை ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருண்டை பிடிக்க வேண்டும். ஆறவிட்டால் உதிர்ந்துபோகும். பிடித்த உருண்டைகளை அரிசிமாவில் முக்கி, ஒன்றோடொன்று ஒட்டுகிறமாதிரி எண்ணெயில் விட்டால் கொத்தாகப் பொரிந்து வரும். மாதக்கணக்கில் கெடாது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இது வெறும் பலகாரம் இல்லை. கல்யாணம் கழிந்ததும் பெண் வீட்டுப் பெண்கள் சேர்ந்து மாப்பிள்ளை வீட்டு அடுக்களையைப் பார்க்கப் போவார்கள். அடுக்களை காணல் என்று பெயர். போகும்போது சருவம் என்கிற வாயகன்ற பாத்திரங்களில் முந்திரிக்கொத்தும் முறுக்கும் நிறைத்துக் கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அதைத் தெரு முழுக்கப் பங்கு வைப்பார்கள். காலியான சருவங்களை அப்படியே திருப்பி அனுப்பக்கூடாது. தங்கள் வீட்டில் பொரித்த பலகாரத்தை அதில் நிறைத்துத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் பலகாரம் அவரவர் வீட்டுப் பெண்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கினது என்று தெரிந்துவிட்டால் போதும். "கடைப் பலகாரம் கொண்டு வந்தவளுக்க மவதானே நீ" என்று அந்தப் பெண் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக்காட்ட ஆள் இருக்கும்.

ஆனால் பொரிக்க ஆள் எங்கே? முன்பெல்லாம் கல்யாண வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்து உருண்டை பிடித்தார்கள். இப்போது ஒருத்தி கொட்டை உடைக்க முந்திரி ஆபீசுக்குப் போகிறாள், ஒருத்தி நூறு நாள் வேலைக்கு, மகள் நர்சாக சவுதியில், மருமகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

2010இல் அடுத்த தெரு அக்கா ஒருத்தி வந்து ரெஜிஷாவின் கையைப் பிடித்தாள். "மக்களே, எனக்கு ஒரு சருவம் கொத்து செய்து தா. கூலி என்னான்னாலும் தாறேன். வெளிய மட்டும் தெரியப்படாது." ரெஜிஷாவுக்குச் சின்ன வயதிலிருந்தே உருண்டை பிடிப்பதில் வேகமான கை. செய்துகொடுத்தாள். அந்த அக்கா தன் தங்கச்சியிடம் மட்டும் சொன்னாள். தங்கச்சி தன் நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள். இப்படி ஒவ்வொருத்தரும் ஒருவரிடம் மட்டும் சொல்லிச் சொல்லியே அடுத்த ஆவணிக்குள் ரெஜிஷா துணிக்கடை வேலையை விட்டுவிட்டாள்.

சிலுவைதாசன் அன்று சாப்பிடவில்லை. "பி.காம் படிச்ச பிள்ள எண்ணெச்சட்டிக்க முன்னாலயா?" என்று போட்டோவைப் பார்த்தே கேட்டார்.

"அப்பா, அந்தக் கடையில நான் நின்னேன். இஞ்ச நான் உக்காந்து செய்யுதேன். பின்ன ரெண்டுல எது கொள்ளாம்?"

மறுநாள் தோட்டத்திலிருந்து வரும்போது இரண்டு சாக்கு விறகு கொண்டுவந்து போட்டார். அதுதான் சம்மதம்.

வியாபாரத்துக்குச் சில சட்டங்களை ரெஜிஷா தானே வகுத்துக்கொண்டாள். ஆர்டர் போனில்தான். யாருடைய கல்யாணம் என்று கேட்பதில்லை. எவ்வளவு வேண்டும், என்றைக்கு வேண்டும், அவ்வளவுதான். சருவம் வாங்குகிறவர்களுடையது. நிறைத்து, வாயை நீலக்கரைத் துவர்த்துத் துண்டால் கட்டி, ஜெஃப்ரினுடைய ஆட்டோவில் அனுப்புவாள். தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போக வேண்டும். கிறிஸ்தவர் வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம். மற்ற வீடுகளுக்குச் சாயங்காலம் சீரியல் ஓடுகிற நேரம்.

"உன்னால நான் பூச காணாத்தவனா ஆயிட்டேன், கேட்டியா?" என்பான் ஜெஃப்ரின். "நாள மோட்ச வாசல்ல பேதுரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"முந்திரிக்கொத்து ஒண்ணு குடு. உள்ள விட்டிருவாரு."

வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனையும் இலவசமாகச் சொல்லி அனுப்புவாள். "அக்கா, சருவம் வந்து இறங்கினதும் ஒரு சட்டி எண்ணெ காயவச்சு நாலு அப்பளம் பொரிங்க. மணம் தெருவுக்குப் போட்டும்."

2012இல் இளைஞர்களுக்குச் சுயதொழில் கடன் கொடுக்கும் அரசுத் திட்டத்தைப் பற்றிப் பேப்பரில் பார்த்தாள். தகுதி எல்லாம் அவளுக்கென்றே எழுதினமாதிரி இருந்தது. நாகர்கோவிலில் பயிற்சி. கோழிப்பண்ணை, ஜெராக்ஸ் கடை, தையல் என்று ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் தொழிலைச் சொன்னார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ரெஜிஷாவைக் கேட்டார்: "மத்தவங்ககிட்ட இல்லாம உங்க பொருள்ல மட்டும் இருக்கிற விசேஷம் என்னம்மா?"

"நான்தான் செய்யுதேன்னு யாருக்கும் தெரியாது, சார். அதான் விசேஷம்."

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

கடன் கிடைத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு புரை எழும்பியது. பயறு வறுக்க உருளும் டிரம், பொடிக்க மிஷின், பெரிய கேஸ் அடுப்பு, ஸ்டீல் மேசை. முந்திரி ஆபீசில் தோல் உரித்துக் கை கறுத்துப்போயிருந்த இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்தாள். அதில் அஜிஷா என்பவள் பத்தாம் வகுப்போடு நின்றவள், வாய் ஓயாது. "சேச்சி, நம்ம கம்பெனி போலீசுக்குப் பயந்து சாராயம் காச்சுத கம்பெனி மாதிரில்லா இருக்கு" என்பாள். ஆனால் ஆறு மாதத்தில் தம்பியின் டிப்ளமா பீஸை அவள்தான் கட்டினாள். ரெஜிஷா பாகு காய்ச்சும்போது அவள் பக்கத்தில் நின்று சேர்மானம் படித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு வில்லங்கம் இருந்தது. கடனில் ஒரு பங்கு மானியம். அந்த மானியம் பேங்கில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். தொழில் உண்மையாக நடக்கிறது என்று அதிகாரி வந்து பார்த்து, திட்டத்தின் பெயரும் தொழிலின் பெயரும் எழுதிய போர்டு வாசலில் இருக்கிறதைப் போட்டோ பிடித்துக்கொண்டு போனால்தான் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் முழுக்கடனும் அவள் தலையில். அப்படி விழுந்தால் டிரம்மையும் மிஷினையும் விற்றாலும் ஈடாகாது. மறுபடியும் துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான். அஜிஷாவும் மற்றவளும் மறுபடியும் முந்திரி ஆபீசுக்கு.

போர்டு எழுதித்தான் வைத்திருந்தாள். 'ரெஜிஷா ஹோம் ஃபுட்ஸ். கல்யாண முந்திரிக்கொத்து செய்து தரப்படும்.' மஞ்சளில் சிவப்பு எழுத்து. அது புரைக்குப் பின்னால் தார்ப்பாயில் சுற்றிச் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மாட்டினால் மறுநாளே போன் ஓய்ந்துவிடும். போர்டு இருக்கிற வாசலில் எந்தக் கல்யாண வீட்டு ஆட்டோ வந்து நிற்கும்?

முதல்முறை வந்த அதிகாரி நல்ல மனுஷர். கொத்தைத் தின்று பார்த்துத் தலையாட்டினார். சுற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு எங்கம்மா?" என்றார்.

"எழுதக் குடுத்திருக்கு சார்."

"சரி. ஆவணி மாசக் கடைசித் திங்கட்கிழமை மறுபடி வருவேன். அன்னைக்கு இல்லேன்னா, யூனிட் இல்லைன்னுதான் நான் எழுதணும். எனக்கு வேற வழி கிடையாது."

ஆவணி வந்தது. நல்ல முகூர்த்தங்கள் நெருக்கியடித்து வருகிற மாதம். போன் விடாமல் அடித்தது. திருவட்டாறு பக்கத்திலிருந்து ராஜபாய் என்றொரு அம்மாள் நேரிலேயே வந்து பெரிய ஆர்டர் கொடுத்தாள். மூத்த மகள் கல்யாணம். புதுக்கடைப் பக்கம் மாப்பிள்ளை வீடு. அதே வாரத்துக்குக் கருங்கல்லிலிருந்து ஒரு டீச்சர் போனில் இன்னொரு ஆர்டர் கொடுத்தார். காலிச் சருவங்கள் வேனில் வந்தன, நிறைந்ததும் அதே வேனில் போயின. யாருக்கு என்று ரெஜிஷா வழக்கம்போலக் கேட்கவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் எல்லோரும் மூன்று உருண்டையைத் தட்டையாக ஒட்டி விடுவார்கள். ரெஜிஷா நாலைச் சேர்த்து, நடுவில் மேலே ஒன்றைக் குந்தவைத்து எண்ணெயில் விடுவாள். பொரிந்து வந்தால் தேர்போல நிற்கும். பெயரை மறைத்துத் தொழில் செய்கிறவள் ஒவ்வொரு கொத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறாள் என்பது அவளுக்கே உறைக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாகக் கழிந்தது. அடுக்களை காணலுக்குப் போகும் சனிக்கிழமை காலையில் ராஜபாய் போன் செய்தாள். "பிள்ளே, நீயும் எங்ககூட வா. மேலே இருக்குத உருண்ட உடையாம எடுத்து வைக்க எங்களுக்கு ஒருத்திக்கும் தெரியல்ல. யாராவது கேட்டா எனக்க நாத்தனாருக்க மவளுன்னு சொல்லிக்கிடலாம்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாளை மறுநாள் திங்கட்கிழமை, அதிகாரி வருகிற நாள். போர்டை என்ன செய்வது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோயிருந்தது. ஒரு நாள் வெளியே போய்வந்தால் தேவலை என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வேனில் ஏறினாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஏசுஅடிமை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைகூப்பி வரவேற்றார். பெரிய குரல், பெரிய சிரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா ஞானசெல்வம் பெண்களை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புது டைல்ஸ் போட்ட அடுக்களை. "இது கிரைண்டர், இது பிரிட்ஜ், இஞ்ச பாத்திரம் கழுவ வெள்ளம் வரும்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ராஜபாய் எல்லாவற்றுக்கும் "கொள்ளாம், கொள்ளாம்" என்றாள்.

ரெஜிஷா கிரைண்டரைப் பார்க்கவில்லை. அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக இருந்த சருவங்களைப் பார்த்தாள். எல்லாவற்றின் வாயும் நீலக்கரைத் துவர்த்தால் கட்டியிருந்தது. முடிச்சு அவள் போட்ட முடிச்சு.

அப்படியானால் கருங்கல் டீச்சர் மாப்பிள்ளையின் அத்தையாக இருக்க வேண்டும்; ஆர்டர் இந்த வீட்டுக்குத்தான்.

ஞானசெல்வம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாங்களும் கொத்து பொரிச்சு வச்சிருக்கோம் சம்மந்தி. எல்லாம் வீட்டுலயே செய்ததுதான். கையில வலி இன்னும் போகல்ல."

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் ராஜபாய். "உருண்ட பிடிச்சுப் பிடிச்சு இந்த விரலு மடங்கல்ல, பாருங்க."

ரெஜிஷா சுவரோடு ஒட்டி நின்றாள். வெளியே ஓடிவிடலாமா என்று பார்த்தாள். வாசலை மறித்துக்கொண்டு உறவுக்காரப் பெண்கள். நடக்கப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சருவங்கள் வெளியே போகும். இவர்களுடையதைக் கொட்டுவார்கள், அவர்களுடையதை நிறைப்பார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சம்பந்திகள் இருவரும் நடு வீட்டில் ஒரே நேரத்தில் நாறிப்போவார்கள். அப்புறம் திருவட்டாற்றிலிருந்து புதுக்கடை வரைக்கும் அவளிடம் வாங்க எவளும் வர மாட்டாள். போர்டு மாட்டினால் என்ன, மாட்டாவிட்டால் என்ன.

அப்படியேதான் நடந்தது. நடுவீட்டில் பாயை விரித்து, பெண் வீட்டுச் சருவத்தை அவிழ்த்து வாழையிலையில் கொட்டினார்கள். பக்கத்திலேயே மாப்பிள்ளை வீட்டுச் சருவத்தையும் அவிழ்த்தார்கள். இரண்டு குவியல். இரண்டிலும் நாலு கீழே, ஒன்று மேலே.

முதலில் வாய் திறந்தவர் ஏசுஅடிமை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து இறங்கிய சருவங்கள் அவை.

"ஏ, இதப் பாத்தியளா! ரெண்டும் கூடப்பொறந்ததுவ மாதிரில்லா இருக்கு!" இந்தக் குவியலில் ஒன்றையும் அந்தக் குவியலில் ஒன்றையும் எடுத்து மாறிமாறிக் கடித்தார். "ருசியும் ஒண்ணுதான்! பொண்ணு பாக்கப் போனப்பவே நான் சொன்னேன். ரெண்டு வீடும் ஒரே போல உள்ள வீடு. கைப்பக்குவம் முதக்கொண்டு பொருந்திப் போச்சு பாருங்க!"

ஆண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று ஆளுக்கொரு கொத்தை எடுத்தார்கள். பெண்களில் ஒருத்தியும் கையை நீட்டவில்லை.

ராஜபாய் ரெஜிஷாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஞானசெல்வம் பார்த்துவிட்டாள்.

"இந்தப் பிள்ள யாரு சம்மந்தி?"

"எனக்க நாத்தனாருக்க மவ."

"என்ன படிச்சிருக்கா?"

"பி.காம் படிச்சிருக்கா."

டீச்சர் சொன்ன பி.காம் பிள்ளை இதுதானோ என்று ஞானசெல்வம் நேராக வந்து ரெஜிஷாவின் வலது கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பின்னாலேயே ராஜபாய். கதவைச் சாத்தினார்கள். ஞானசெல்வம் ரெஜிஷாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய் தெறித்த சின்னச் சின்னப் பொட்டுகள், சில பழையவை, சில அந்த வாரத்தவை. பிறகு தன் கையை நீட்டிப் பார்த்தாள். வளையல்கள்தான் இருந்தன. ராஜபாயின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அதிலும் வளையல்கள்தான்.

"ஏட்டி ராஜபாய்," என்றாள், சம்பந்தி என்பதெல்லாம் போய்விட்டது. "உனக்குத்தான் விரலு மடங்கல்லியோ?"

"உனக்குத்தான் வலி போகல்லியோ?"

ரெஜிஷா கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள். விழுந்தது சிரிப்பு. ஞானசெல்வம் பிரிட்ஜில் சாய்ந்து குலுங்கினாள். ராஜபாய் சத்தம் வெளியே போகாமல் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. ஒருத்தி நிறுத்தினால் மற்றவள் தொடங்கினாள்.

"நாலு அப்பளம் பொரிச்சியாட்டி நீ?"

"பொரிச்சேன்! நீயுமா?"

"நானும்! தின்னுத் தீக்க முடியாம கோழிக்குப் போட்டேன்!"

சிரித்து ஓய்ந்த பிறகு ராஜபாய் தரையில் உட்கார்ந்தாள். "கல்யாணம் நிச்சயம் ஆன நாள்லேர்ந்து எனக்கு இந்த ஒரு பயம்தான் பிள்ளே. மவளுக்க நகையவிட இதுதான் பயம். இப்பம் எனக்கு நெஞ்சு லேசாயிட்டு."

ஞானசெல்வம் ரெஜிஷாவிடம் திரும்பினாள். "நீ எங்க வச்சுட்டி செய்யுத? ஒரு போர்டு வைக்கப்படாதா? தெரிஞ்சிருந்தா நாங்க ரெண்டு பேரும் ஒரே வேன்ல கொண்டுவந்திருப்போமே."

ரெஜிஷாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போர்டு எழுதி வருசம் ஒண்ணாச்சு மாமி. மாட்ட முடியாம சுவருக்க பக்கம் திருப்பி வச்சிருக்கேன். மாட்டல்லன்னா எனக்கு மானியம் போவும், மிஷினு போவும், கூட நிக்குத ரெண்டு பிள்ளையளுக்க வேலயும் போவும். மாட்டினா நீங்க வருவியளா? சொல்லுங்க."

வெளியே ஏசுஅடிமை இன்னும் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"நேத்துவரைக்கும் வந்திருக்கமாட்டேன்," என்றாள் ஞானசெல்வம். "பொய் சொல்லப்படாது."

திங்கட்கிழமை காலையில் ரெஜிஷா தார்ப்பாயை உருவினாள். அஜிஷா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, கொக்கியில மாட்டுவோமா? சார் போட்டோ பிடிச்சதும் டக்குன்னு எடுத்திரலாம்."

"வேண்டாம். ஆணியே அடி."

ஜெஃப்ரின் ஆட்டோவை நிறுத்தி எட்டிப் பார்த்தான். "அப்பம் இனி நான் பூசைக்குப் போலாமா?"

அதிகாரி வந்தார், போட்டோ பிடித்தார், கையெழுத்துப் போட்டார், இரண்டு கொத்து தின்றார். மானியம் சேர்ந்தது. அதற்குப் பின்னால்தான் உண்மையான சோதனை. செவ்வாய் போன் அடிக்கவில்லை. புதன் அடித்தது, ஒரு வீட்டில் ஆர்டரை வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. வியாழனும் வெள்ளியும் அஜிஷாகூட வாயை மூடிக்கொண்டு மேசையைத் துடைத்தாள், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். சிலுவைதாசன் தோட்டத்துக்குப் போகிறபோதும் வருகிறபோதும் போர்டைப் பார்த்தார். மகளின் பெயர் அவ்வளவு பெரிய எழுத்தில் அவர் பார்த்ததில்லை. "எழுத்து கொள்ளாம்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஒரு போன். "அந்தச் சம்மந்திமாரு ரெண்டு பேருக்கும் கொத்து செய்து குடுத்த இடம் இதுதானா?"

"ஆமா. என்ன காரியம்?"

"ஒண்ணுமில்ல மக்களே. புதுக்கடையில ஞானசெல்வம் மாதர் சங்கக் கூட்டத்துல சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நாங்க எல்லாரும் சிரிச்சோம். பொறவு பாத்தா அங்க இருந்ததுல பாதிப் பேரு உனக்க நம்பர வச்சிருக்காவ. எனக்க மவளுக்கு ஐப்பசியில கல்யாணம். அதே மாதிரி மேல ஒண்ணு வச்சு வேணும்."

கதை புதுக்கடையோடு நிற்கவில்லை. ராஜபாய் திருவட்டாற்றில் தன் பங்குக்குச் சொன்னாள். அவள் சொன்னதில் ஏசுஅடிமையின் குரல் அச்சு அசலாக இருந்ததாம். சொல்லச் சொல்ல, கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்ததாகச் சொல்லி மாட்டிக்கொள்வதுதான் கேவலம் என்று ஆகிவிட்டது. ஏசுஅடிமைக்கு உண்மை தெரிந்தபோது அவர் இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை என்றும், மூன்றாம் நாள் அவரே ஆட்டோ பிடித்து வந்து ஒரு சருவம் வாங்கிப் போனார் என்றும் கேள்வி. ஆர்டரை வேண்டாம் என்ற வீடு திரும்பி வரவில்லை. அவர்கள் கடைசிவரை வீட்டிலேயே பொரித்தார்கள். முறுக்கு கருகிப்போனதாக ஜெஃப்ரின் சொன்னான். அதை ரெஜிஷா நம்பவில்லை.

அடுத்த வருடம் புரையில் ஐந்து பெண்கள். பாகு காய்ச்சுகிற பொறுப்பு அஜிஷாவுக்கு. சருவங்கள் நட்ட நடுப் பகலில், துவர்த்து கட்டாமல், ஊர் பார்க்கப் போயின.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ரோட்டோடு போன ஒரு பைக் இறக்கத்தில் இறங்கி நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய ஆள் போர்டை நிதானமாக வாசித்தார். மருந்துக் கம்பெனிப் பை தோளில் தொங்கியது. வெளியூர்க்காரர்.

"ஒரு கொத்து கிடைக்குமாங்க?"

"எந்தத் தேதிக்கு வேணும்? எத்தன சருவம்?" என்று கேட்டாள் ரெஜிஷா. யாருக்கு என்று கேட்டால் தப்பில்லை என்ற காலம் வந்துவிட்டதால், "யாருக்க கல்யாணம்?" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "கல்யாணமெல்லாம் இல்லைங்க. வாசனை வந்துச்சு. சும்மா திங்கத்தான்."

ரெஜிஷா அஜிஷாவைப் பார்த்தாள். அஜிஷா ரெஜிஷாவைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒருவர் வந்து கேட்டதே இல்லை. ஒற்றைக் கொத்துக்கு என்ன விலை சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"முதல்ல தின்னுங்க," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள் ரெஜிஷா. "வெல பொறவு பாத்துக்கிடலாம்."